பூஜ்யத்துக்கு வந்த பூனை

குவாலிட்டி டிபார்ட்மெண்டில் பல வருஷம் குப்பை கொட்டியவனை நம்பி ஒரு வீட்டை ஒப்படைக்கக் கூடாது. சாம்பாரில் உப்பு கூடிப்போனால் மற்ற வீடுகளில் கொஞ்சம் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். அவன் மட்டும் எச்சில் கை காயக் காய உட்கார்ந்து, உப்பு ஏன் கூடியது, கூடியதை ஏன் யாரும் ருசி பார்க்கவில்லை, ருசி பார்க்க ஏன் இந்த வீட்டில் ஒரு முறை கிடையாது என்று தோண்டிக்கொண்டிருப்பான். நான் அந்த ரகம். இப்போது கொஞ்சம் தேவலை. என்னைத் தேற்றியது ஒரு பூனை. தேற்றுவதற்குள் அது செத்துப்போகப் பார்த்தது.

ஓசூரில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். டிப்ளமா முடித்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்த ஊர்க் குளிருக்குக் குரங்குக் குல்லா வாங்கி மாட்டி, இங்கேயே பத்மாவையும் கல்யாணம் செய்துகொண்டேன். பத்மாவுக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் பேரிகை. அப்பா அம்மாவிடம் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னைத் திட்டுவதற்குத் தமிழ் என்று மூன்று பாஷையையும் அவள் வீணாக்காமல் வைத்திருந்தாள். அவளுக்கும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. நான் ஜெனரல் ஷிஃப்ட். ஆக, இரண்டு பேரும் விழித்துக்கொண்டு ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது அபூர்வம்.

பூனை எங்கள் கம்பெனியில்தான் கிடைத்தது. தேறாத பாகங்களைப் போடுவதற்கென்று ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. அப்படி ஓரம் உடைந்த ஒரு பெட்டிக்குள், கழித்துப்போட்ட ரப்பர் வளையங்களுக்கு நடுவில், கண் திறந்து சில நாளே ஆன குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. தாயைக் காணோம். சிவப்புப் பெட்டியில் விழுந்ததை என்ன செய்வது என்று முடிவெடுக்கிறவன் நான்தான் என்பதால் (உலகத்திலேயே எனக்கிருந்த ஒரே அதிகாரம் அது), பெட்டியோடு வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். 'ரிஜெக்ட்' என்று பெயரும் வைத்தேன்.

"ஒரு ஜீவனுக்கு வைக்கிற பேராங்க இது?" என்றாள் பத்மா. அன்றைக்கே அதை ரெஜி என்று சுருக்கிவிட்டாள். பக்கத்து வீட்டில் ரொம்ப நாள் எங்களோடு ஒரு கேரளத்துப் பெண் தங்கியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். "ரெஜி பால் குடிச்சுதா, ரெஜி வெளிய போச்சா" என்று நாங்கள் மரியாதையில்லாமல் பேசுவதைப் பற்றி அவர்களுக்கு வருத்தம்கூட இருந்ததாம்.

குட்டியாக இருந்தபோது ரெஜி என் குல்லாவைச் சப்பும். முன்னங்கால் இரண்டாலும் குல்லாவைப் பிசைந்துகொண்டு, கண்ணை மூடி, கம்பளி நனையும் வரை சப்பும். "பால் மறக்கறதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட இருந்து பிரிஞ்சிருச்சில்ல, அதான்" என்று பத்மா சொன்னாள். குல்லா தொப்பலாகி நாறியதைத் தவிர அதில் ஒரு தொல்லையும் இல்லை.

நன்றாக வளர்ந்த பிறகு ஒரு நாள் திடீரென்று கடிக்க ஆரம்பித்தது. முதலில் என் போன் சார்ஜர் வயர். பிறகு செருப்பு வார், பால் பாக்கெட்டின் மூலை, விளக்குமாறு, ஹெல்மெட் பட்டை. பாத்ரூம் பக்கத்துச் சிமெண்ட் சுவரை நக்கிக்கொண்டே நிற்கும். துளசித் தொட்டி மண்ணையும் தின்னும். என் கண்ணில் சார்ஜர் மட்டும்தான் பட்டது, ஏனென்றால் அது என்னுடையது.

சரியாக அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனியில் கைசன் போட்டி அறிவித்தார்கள். கைசன் என்றால் சின்னச் சின்னதாகச் செய்யும் முன்னேற்றம். ஜப்பான்காரர்கள் சொல்லிக்கொடுத்து, நாங்கள் சுவரில் எழுதி வைத்திருப்பது. அந்த வருஷம் 'வீட்டில் கைசன்' என்று புதிதாக ஒரு பிரிவு. ஜெயிக்கிறவருக்குக் கேடயம் உண்டு, அத்துடன் கேன்டீன் சுவரில், சாம்பார் வாளிக்கு நேர் மேலே, ஒரு வருஷம் முழுக்க அவர் போட்டோ தொங்கும். எனக்குக் கேடயம் வேண்டாம். அந்தச் சாம்பார் வாளிக்கு மேலே நான் இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை யாரை விட்டது.

மற்றவர்கள் எல்லாம் கேஸ் லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அதற்கு ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் 'பூனைக் கடி ஒழிப்பு' என்று தலைப்புப் போட்டேன்.

எங்கள் முறைப்படி ஒரு கோளாறைப் பிடித்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும். ஐந்தாவது பதிலில் மூல காரணம் வந்து உட்கார்ந்திருக்கும். கேட்டேன். பூனை ஏன் வயரைக் கடிக்கிறது? வயர் தரையில் கிடப்பதால். ஏன் தரையில் கிடக்கிறது? பிளக் பாயிண்ட் கீழே இருப்பதால். ஏன் கீழே வைத்தார்கள்? மேலே கொண்டுபோக வயர் கூடுதலாகச் செலவாகும் என்பதால். ஏன் அந்தச் செலவைச் செய்யவில்லை? வீட்டுக்காரர் கஞ்சர் என்பதால். ஏன் கஞ்சர்? அது அவர் பிறவிக் குணம்.

இப்படியாக, பூனை கடிப்பதற்கு மூல காரணம் எங்கள் வீட்டுக்காரர் என்று நிரூபணம் ஆயிற்று. (சிரிக்காதீர்கள். கம்பெனியிலும் ஐந்தாவது ஏன் வரும்போது சரக்கு சப்ளை செய்தவர்தான் மாட்டுவார்.)

வீட்டுக்காரரைத் திருத்த முடியாதே, அதனால் வயரைத் திருத்தினேன். எல்லா வயரையும் பைப்புக்குள் விட்டேன். பைப் முடிகிற இடத்தில் வேப்பெண்ணெய் தடவினேன். செருப்பு வாரில், விளக்குமாற்றில், ஹெல்மெட் பட்டையில் எல்லாம் வேப்பெண்ணெய். ஹெல்மெட்டோடு நான் கம்பெனிக்குள் நுழைந்தால் செக்யூரிட்டி மூக்கைப் பொத்துவார். பிளக் பாயிண்டுகளைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி 'பூனை நுழையத் தடை' என்று எழுதி வைத்தேன். பூனைக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். வந்து பார்க்கிற நடுவர்களுக்குத் தெரியுமே.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வரைபடம் தொங்கவிட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை கடி என்று புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். நான் இல்லாத நேரத்துக் கடிகளைப் பத்மா குறித்து வைக்க வேண்டும் என்று உத்தரவு.

"ஷிஃப்ட் முடிச்சி வந்து நான் தூங்கறதா, பூனைக்குப் பின்னாடி பேனா தூக்கினு சுத்தறதா?" என்றாள் பத்மா.

"ஒரு டிக் போடறதுக்கு என்னத்த அலுப்பு?"

"எனக்கென்னமோ மாடி ஏறுனாவே மூச்சு வாங்குதுங்க."

"நைட் ஷிஃப்ட்டுனா அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு நான் வரைபடத்துக்குச் சிவப்பு ஸ்கெட்ச் தேடப் போனேன்.

அதே நாட்களில் வீட்டில் இன்னொரு கோளாறும் நடந்துகொண்டிருந்தது. அரிசி சீக்கிரம் தீர்ந்தது. இரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டில் மூட்டை இப்படிக் கரையக் கூடாதே என்று கணக்குப் போட்டு, அரிசிக் கடைக்காரரிடம் போய் எடையில் ஏமாற்றுகிறார் என்று சண்டை பிடித்தேன். பாவம், அந்த மனிதர் தராசைத் தூக்கி என் முன்னால் வைத்து, "நீயே நிறுத்துக்கோப்பா சாமி" என்று கும்பிட்டார். நான் நிறுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அப்படியானால் வீட்டில் எலி இருக்கிறது, பூனை வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று ரெஜியின் கணக்கில் ஒரு குற்றத்தைக் கூடுதலாக எழுதினேன்.

வரைபடம் அழகாக இறங்க ஆரம்பித்தது. கோடு மலையிலிருந்து வழுக்கிக்கொண்டே வந்து தரையைத் தொட்டது. ஒரு நாள் பூஜ்யம். மறுநாள் பூஜ்யம். அடுத்த நாளும் பூஜ்யம். எங்கள் தொழிலில் பூஜ்யத்தைப் பார்த்தால் கோயில் கோபுரத்தைப் பார்த்த மாதிரி. கம்பெனியில் யாருக்கும் வாய்க்காத கோடு என் வீட்டு ஃபிரிட்ஜில் வந்திருந்தது. அதைப் போட்டோ எடுத்து அருப்புக்கோட்டை வரைக்கும் அனுப்பினேன்.

"பூனை சோர்ந்து சோர்ந்து படுத்துக்குதுங்க," என்றாள் பத்மா.

"அது சோர்வு இல்ல, டிசிப்ளின்."

இந்த ஒரு வாக்கியத்தைப் பத்மா இன்றுவரை மறக்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் கொஞ்சம் கண் அயர்ந்தால்கூட, "யாரும் சத்தம் போடாதீங்க, அவரு டிசிப்ளின்ல இருக்காரு" என்பாள்.

போட்டியின் கடைசிக் கட்டம், நடுவர்கள் வீட்டுக்கே வந்து நேரில் பார்ப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எங்கள் பிளாண்ட் ஹெட் மஞ்சுநாத் சார். பெங்களூர்க்காரர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். அதிகம் பேச மாட்டார், ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டால் எதிரில் நிற்கிறவனுக்குப் போன வருஷம் செய்த தப்பெல்லாம் ஞாபகம் வரும். இன்னொருவர் எச்.ஆர். மேடம். அவருக்குப் பூனை என்றால் பயம். வந்ததும் சோஃபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, போன் கேமராவைத் திறந்து வைத்திருந்தார்.

பத்மா நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். நடுவர்கள் வருவதற்கு முன் அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்து, "பவுடர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, தொடச்சிக்கோ" என்றேன்.

"நான் இன்னும் மொகமே கழுவலங்க. பவுடரு எங்க போட்டேன்?" என்றாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நான் மஞ்சள் டேப்பின் ஓரத்தை நகத்தால் தேய்த்து ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ரெஜி தன் சிவப்புப் பெட்டியில் படுத்திருந்தது. நான் ஐந்து ஏன்களையும் விளக்கினேன், வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாமல். பைப்பைக் காட்டினேன். வேப்பெண்ணெயை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். மஞ்சுநாத் சார் மறுத்துவிட்டார். கடைசியாக, சர்க்கஸ்காரன் சிங்கத்தின் வாயில் தலையை வைக்கிற தோரணையில், புத்தம் புது சார்ஜர் வயர் ஒன்றை எடுத்து, பைப் இல்லாமல், வேப்பெண்ணெய் இல்லாமல், ரெஜியின் மூக்குக்கு முன்னால் ஆட்டினேன்.

ரெஜி வயரைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"ஜீரோ, சார்," என்றேன். மேடம் கை தட்டினார்.

மஞ்சுநாத் சார் மட்டும் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனப்பா, இது ஊட்டா மாடுதா? சாப்பிடுதா ஒழுங்கா?"

"சாப்பாடு இந்த புராஜெக்ட்டோட ஸ்கோப்ல இல்ல சார்."

ஸ்கோப் என்றால் ஒரு வேலைக்கு நாங்களே போட்டுக்கொள்ளும் எல்லை. அந்த நேரம் பார்த்து ரெஜி எழுந்தது. பெட்டியின் ஓரத்தைத் தாண்டவே இரண்டு முறை முயன்றது. வெளியே வந்து ஆடி ஆடி நடந்து, சுவரோரம் போய், பெயிண்ட் உதிர்ந்து சிமெண்ட் தெரிகிற இடத்தை நக்க ஆரம்பித்தது.

"இது ஏனு? என்ன பண்ணுது?"

"அது ரொம்ப நாளாவே நக்குது சார். அதனால பொருளுக்கு டேமேஜ் எதுவும் இல்ல. அதான் கணக்குல சேர்க்கல."

ரெஜி திரும்பி நடந்தது. மஞ்சுநாத் சார் உட்கார்ந்திருந்த நாற்காலி வரைக்கும் வந்தது. அவருடைய சாக்ஸ் போட்ட காலைக் கடிக்கப் போகிறது, என் கேடயம் போயிற்று என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது கடிக்கவில்லை. அவர் பாதத்தின் மேல் தலையை வைத்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிட்டது.

காபித் தட்டோடு வந்த பத்மா, தட்டை டீப்பாயில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ரெஜியை மடியில் தூக்கிப் போட்டு, மேல் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தாள். ரோஸ் நிறமாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"ரத்தமே இல்லீங்க இதுக்கு," என்றாள். "செவுர நக்கும்போதே எனக்கு ரோசனை வந்துருக்கணும். சின்ன வயசுல நானும் பல்பம் தின்னுக்கினு இருந்தேன். பல்பம், செம்மண்ணு, அடுப்புக் கரி, எது கெடச்சாலும். எங்கம்மா என் வெரல்ல வேப்பெண்ண தடவி வுட்டாங்க. ஒரு நாளு நிறுத்திட்டேன். எல்லாருக்கும் சந்தோசம். அப்புறம் ஸ்கூல்ல பிரேயர்ல மயங்கி வுழுந்தேன். டாக்டரு பாத்துட்டு, ஒடம்புல ரத்தம் இல்ல, அதான் மண்ணு கேட்டிருக்குது, ஏன் கவனிக்கலன்னு எங்க நைனாவ திட்டுனாரு."

"நான் விபூதி சாப்பிடுவேன்," என்றார் எச்.ஆர். மேடம் சோஃபாவிலிருந்து, மெதுவாக. "டென்த் படிக்கும்போது. எனக்கும் ரத்தம் கம்மின்னுதான் சொன்னாங்க."

"நம்ம அக்கா ஹசி மண்ணு, ஈர மண்ணு தின்னுவா," என்றார் மஞ்சுநாத் சார்.

ஆக, அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. ஐந்து ஏன் கேட்ட நான், அதில் ஒன்றைக்கூட பக்கத்தில் இருந்த மனுஷியிடம் கேட்கவில்லை. என் பூஜ்யம் எப்படி வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடிப்பதற்கு அதனிடம் தெம்பு இல்லை, அவ்வளவுதான். மெஷினில் அலாரம் அடிக்கிறது என்று அலாரத்தின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சத்தம் நின்றுவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டவனை எனக்குத் தெரியும். அவனுக்கு நானே மெமோ கொடுத்திருக்கிறேன்.

"நடி நடி, கிளம்பு, கார்ல ஏறு," என்று மஞ்சுநாத் சார் எழுந்துவிட்டார்.

ரெஜியை அது வந்த அதே சிவப்புப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். தேறாததைப் போடுகிற பெட்டி அது. படி இறங்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ரெஜியை வைத்து வித்தை காட்டியிருக்கிறேன். மடையா, மடையா என்று மனசுக்குள் என்னைத் திட்டிக்கொண்டே போனேன்.

பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு கால்நடை டாக்டரின் கிளினிக் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. டாக்டருக்குச் சொந்த ஊர் கல்லாவி. மாடு பார்த்துப் பழகிய பெரிய கை. ஆனால் ரெஜியைப் பூ மாதிரி எடுத்து மேஜையில் கிடத்தினார்.

"எத்தினி நாளா செவுரு நக்குது?"

தேதியோடு சொன்னேன். கடிகளின் ஏற்ற இறக்கத்தையும் போனில் இருந்த வரைபடத்தைத் திறந்து காட்டினேன். டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இவ்ளோ கரெக்ட்டா கேஸ் சொன்னவங்கள நான் பாத்ததே இல்லீங்க சார்," என்றார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "சரி, தீனி எப்போலேர்ந்து கொறஞ்சுது?"

நான் பத்மாவைப் பார்த்தேன்.

"ரெண்டு வாரமா பாதிதான் தின்னுது டாக்டர்," என்றாள் அவள்.

டாக்டர் சின்னப் பல் சீப்பு ஒன்றை எடுத்து ரெஜியின் முதுகில் ரோமத்துக்கு எதிராக இழுத்தார். சீப்பில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக ஏதோ வந்தது. அதை ஈரப் பஞ்சின் மேல் தட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்புப் பொட்டுகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தது.

"தெள்ளுப்பூச்சி. இது அதோட கழிவு. செவப்பா ஊறுது பாருங்க, அது பூச்சியோட ரத்தம் கெடையாது. உங்க பூனையோடது."

மேல் ரோமம் அடர்த்தியான பூனை. வயரைப் பார்த்தேன், பைப்பைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். ஒரு நாளும் ரோமத்தை விலக்கிப் பார்க்கவில்லை.

ஊசி போட்டுக்கொண்டே டாக்டர் பேசினார். "பூனை கண்டதயும் கடிச்சா நூறு காரணம் இருக்கும் சார். பல்லுல வலி இருக்கும். வயித்துல பூச்சி இருக்கும். தாய்கிட்ட இருந்து சீக்கிரம் பிரிச்சிருப்பாங்க. வூட்ல யாரும் இல்லாம போரடிச்சிக்கினு இருக்கும். இல்ல, இதாட்டம் ரத்தம் கொறஞ்சி மண்ணு, செவுருன்னு தேடும். சும்மா வெளையாட்டுக்கும் கடிக்கும். அதுக்கு வாய்விட்டு சொல்லத் தெரியாது, வாய வச்சித்தான் சொல்லும். புதுசா ஒண்ண கடிக்க ஆரம்பிச்சா அதட்டாதீங்க, இட்டுனு வாங்க. இன்னும் ரெண்டு நாளு வுட்டிருந்தீங்கன்னா எனக்கு வேலையே இருந்திருக்காது. இப்பவும் ஒரு வாரம் போனாத்தான் பொழைக்குமான்னு சொல்ல முடியும்."

டாக்டர் மருந்து எழுதுகிற சத்தமும், அதோடு இன்னொரு சத்தமும் கேட்டது. நறுக், நறுக் என்று ஏதோ அரைபடுகிற சத்தம்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பத்மா கலங்கிய கண்ணோடு ரெஜியையே பார்த்துக்கொண்டு, கைப்பையிலிருந்த சின்ன டப்பாவிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

"என்னாம்மா அது?"

"சும்மா, அரிசி டாக்டர். பச்சரிசி."

"எத்தினி நாளா?"

"மூணு மாசமா இருக்கும். கொஞ்சம் வாய்ல போட்டாத்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். பூனைக்குக் கண்டுபிடித்தவளுக்குத் தன்னுடையது அப்போதுதான் தெரிந்தது.

"நான் மாட்டு டாக்டரு," என்றார் அவர். "மனுசங்களுக்கு நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனா பூனைக்குச் சொன்னத நீயும் கேட்டுக்கினு இருந்தியேம்மா, அவ்ளோதான்."

அரிசி மூட்டை என் கண் முன்னால் வந்தது. தராசு வந்தது. கும்பிட்ட அரிசிக் கடைக்காரர் வந்தார். மாடி ஏறினால் வாங்கிய மூச்சும், போடாத பவுடரும் வந்தன. மஞ்சுநாத் சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் கேட்ட கேள்வியை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"ஏனப்பா முத்து, இதும் ஸ்கோப்ல இல்லையா?"

மறுநாளே பத்மாவுக்கு ரத்தம் பரிசோதித்தோம். இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. மாசா மாசம் போகிறது அதிகமாகிப் பல நாள் ஆயிற்றாம். ஷிஃப்ட்டில் சாப்பாடும் ஒழுங்கில்லை. "எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு விட்டுட்டேன்" என்றாள். லேடி டாக்டர் அவளைத் திட்டிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். குவாலிட்டி என்று சொல்ல வாய் வரவில்லை. கம்பெனியில் இருக்கிறேன் என்றேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் இரண்டு டானிக் பாட்டில்கள். ஒன்றுக்கு ஸ்பூன், ஒன்றுக்கு சொட்டு மருந்துக் குழாய். அவசரத்தில் ஒருமுறை பத்மாவின் வாய்க்கு நேரே சொட்டுக் குழாயை நீட்டிவிட்டேன். என் ஷிஃப்ட்டை மாற்றிக் கேட்டு, முருங்கைக்கீரை ஆய்ந்து, ஈரல் வறுத்து, இரண்டு பேருக்கும் தட்டு வைத்தேன். ரெஜிக்கு முதுகில் மருந்து விட்டு, வீட்டுத் துணி அத்தனையையும் வெந்நீரில் அலசினேன். ஒவ்வொரு நாள் காலையும் முதல் வேலையாகப் பெட்டிக்குள் கையை விட்டு, வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறி இறங்கும். ஆனால் எழுந்து வராது. வேண்டாத சாமி இல்லை.

ஒரு வாரம் தாண்டி ஒரு காலையில் எழுந்து பார்த்தேன். என் சார்ஜர் வயரில் புத்தம் புதுப் பல் தடம். வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கூப்பிட்ட சத்தம் கேட்டு வந்த பத்மா வயரையும் பார்த்தாள், கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த ரெஜியையும் பார்த்தாள். "கடிச்சிருச்சுங்க," என்று ஏதோ குழந்தை நடந்துவிட்ட மாதிரி சிரித்தாள். சுவர்ப் பக்கம் அது அதன் பிறகு போகவில்லை. சார்ஜர் விஷயம் அதற்குச் சும்மா விளையாட்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார். பைப் மட்டும் இருக்கிறது. மஞ்சள் டேப்பையும் வேப்பெண்ணெயையும் எடுத்துவிட்டேன்.

கேடயம், கேஸ் லைட்டரைக் கயிற்றில் கட்டியவருக்குப் போனது. சாம்பார் வாளிக்கு மேலே அவர் ஒரு வருஷம் சிரித்தார். எனக்கும் சுவரில் இடம் கிடைத்தது, வேறு இடத்தில். மஞ்சுநாத் சார் என் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து மீட்டிங் ரூமில் மாட்டிவிட்டார். இன்றைக்கும் யாராவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இந்த மாசம் கம்ப்ளெய்ண்ட் ஜீரோ, சார்" என்று சொன்னால், மேஜையைச் சுற்றி எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "பூனை உயிரோட இருக்கா?" புதிதாகச் சேர்ந்தவர்கள் முழிப்பார்கள். அவர்களுக்குக் கதை சொல்லும் பொறுப்பு என்னுடையது.

பேரிகையில் இந்தக் கதை இன்னும் வேறு மாதிரி ஓடுகிறது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு மாமனார் முதல்முறை போன் செய்தபோது, "மாப்ள, பூனை எப்டி இருக்குது?" என்று கேட்டார். மனிதருக்கு நம் பூனை மேல் இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்துபோய், ரெஜி தின்ற மீன், தாண்டிய ஜன்னல், போட்ட எடை எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சந்தோசம் மாப்ள. நான் பெரிய பூனையைக் கேட்டேன்."

அன்று முதல் வாராவாரம் அதே கேள்விதான். அவருக்கு மகளை நேரடியாக விசாரிக்கக் கூச்சம். எனக்கு எந்தப் பூனை என்று கேட்கக் கூச்சம். போன ஞாயிற்றுக்கிழமையும் போன் வந்தது. பத்மா மறுபடியும் பச்சரிசி மெல்லுகிறாளோ என்று சந்தேகப்பட்டு, நான் அப்போது தரையில் முட்டி போட்டு, அரிசி டப்பாவுக்கு அடியில் மணி சிந்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எதற்கு என்று பத்மா கேட்டு, நான் பதில் சொல்லி, அந்தப் பதிலுக்கு அவள் மூன்று பாஷையிலும் எனக்குக் கச்சேரி வைத்து முடித்திருந்த நேரம்.

"மாப்ள, பூனை எப்டி இருக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து பத்மா குரல் கொடுத்தாள். "இப்பத்தான் உங்க மாப்பிள்ளைய கடிச்சி வச்சிட்டு வந்து உக்காந்துக்குதுன்னு சொல்லுங்க."

"அப்போ நல்லாத்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டு மாமனார் போனை வைத்துவிட்டார்.